புத்தகத்தில் ஒரு கார், முற்றத்தில் ஒரு கார்

கேள்வி: ஐயா, நான் கொக்குவிலில் இருக்கிறேன், வயது 34. என்னிடம் ஜப்பானில் இருந்து இறக்கிய 2004 ஆம் ஆண்டு மஸ்டா ஆர்.எக்ஸ். 8 இருக்கிறது. ஆறு கியர் மனுவல். 2016 இல் கொழும்பில் வாங்கினேன். 2019 இல் எஞ்சின் பழுதாகி, பாவித்த எஞ்சின் ஒன்று எடுத்துப் போட்டேன். கொயில்ஓவர் (காரைப் பதிக்கும் ஸ்பிறிங், ஷொக் தொகுதி), 18 அங்குல றிம், முழு சைலன்சர் லைன், ஈ.சி.யூ. ரியூன் (எஞ்சின் கணினியில் செய்யும் மாற்றம்), வெள்ளி நிறக் காருக்கு மற் கறுப்பு ஸ்ரிக்கர் என்று 18 இலட்சத்துக்கு மேல் செலவழித்துவிட்டேன். இன்னும் மூன்று மாதத்தில் குடும்பத்தோடு கனடா போகிறேன். ஊர்த் தரகர் சொல்லும் விலை மிகக் குறைவு. கொழும்பில் ஒருவர் நல்ல விலை தருகிறார், ஆனால் ஓப்பன் பேப்பரில், அதாவது வெற்றுப் படிவத்தில் என் கையெழுத்தோடு, கேட்கிறார். இன்னொருவர் பாதிக் காசை லண்டனில் என் அண்ணாவின் கையில் கொடுக்கலாம் என்கிறார். செய்த செலவையும் சேர்த்து விலை சொல்லலாமா? தரகர் இல்லாமல் நானே விற்க முடியுமா? ஓட்டிப் பார்க்க வருபவர்களிடம் காரைக் கொடுக்கவும் பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, விலையைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், 2019 இல் போட்ட எஞ்சினின் இலக்கம் வாகனப் புத்தகத்தில், அதாவது பதிவுச் சான்றிதழில், ஏறியதா என்று ஒரு வரியும் எழுதவில்லை. ஏறியிருந்தால் எழுதியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆகவே விலையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு அங்கிருந்து தொடங்குவோம்.

வாகனம் தெரிந்த ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்தால் றிம்மையும் ஸ்ரிக்கரையும் பிறகுதான் பார்ப்பார். பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு பொனற்றைத் திறக்கச் சொல்வார். சசி இலக்கம் பொறித்த இடத்தைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்து, சுற்றிவர வெல்டிங் தடமோ புதுப் பெயின்ற்றோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். அடுத்தது எஞ்சின் இலக்கம். அடுத்தது நிறம். இன்சூரன்சுக்கோ லீசிங்குக்கோ மதிப்பீடு செய்யப் போனால் நானும் இதே ஒழுங்கில்தான் பார்க்கிறேன். உங்கள் காரில் இந்த மூன்றில் இரண்டு பொருந்தாது. அந்த இடத்திலேயே வந்தவர் ஒன்றில் போய்விடுவார், இல்லாட்டி இலட்சக்கணக்கில் குறைத்துக் கேட்பார். உங்களிடம் மறுமொழி இருக்காது.

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே சனம் சந்தேகப்படுவதற்கு இங்கே காரணம் இருக்கிறது. வெட்டிய பாகங்களாகக் கொள்கலனில் இறக்கி, இங்கே ஒட்டி, அழிந்துபோன வேறொரு காரின் இலக்கத்தைக் கொடுத்து ஓடவிட்ட வாகனங்கள் பிடிபட்டிருக்கின்றன. பிடிபட்டால் வழக்கு முடியும்வரை கார் பொலிஸ் வளவில் வெயிலில் கிடக்கும், கடைசியாக வாங்கிய ஆள்தான் நீதிமன்றத்துக்கு அலைவார். உங்கள் கார் நேர்வழியில் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். வாங்குபவருக்கு அதைக் காட்ட இலக்கங்களை விட்டால் வேறு எதுவும் இல்லை.

ஆகவே நாளைக்கே தொடங்க வேண்டிய வேலை எஞ்சின் மாற்றத்தைப் பதிவது. எஞ்சின் வாங்கிய கடையின் பில்லும், அந்த எஞ்சினை இறக்கியவரின் சுங்கப் பத்திரப் பிரதியும் தேவைப்படும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வாகனப் பரிசோதகர் காரை நேரில் பார்த்து இலக்கத்தை உறுதிப்படுத்த வேண்டும். பில் தொலைந்திருந்தால் வாங்கிய கடையிலேயே பிரதி கேளுங்கள். சுங்கப் பத்திரமும் அங்கேதான் கிடைக்கும். கடை மூடிப் போயிருந்தால் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, சத்தியக்கடதாசியோடு என்ன செய்யலாம் என்று திணைக்களத்திலேயே கேளுங்கள். மூன்று மாதம் என்பது இந்த வேலைக்கு அதிகமான காலம் இல்லை. 'வாங்குகிற ஆள் மாற்றிக்கொள்ளட்டும்' என்று விட்டால் அந்த அலைச்சலின் விலையை அவர் இரண்டு மடங்காகப் போட்டுக் கழிப்பார்.

நிறத்துக்கு இவ்வளவு ஓடத் தேவையில்லை. ஸ்ரிக்கரைக் கழற்றிவிடுங்கள். எங்கள் வெயிலில் சில வருஷம் காய்ந்த ஸ்ரிக்கர் இலகுவில் வராது, அவசரப்பட்டுக் கையால் இழுத்தால் கிளியர் கோற்றும் சேர்ந்து உரிந்து வரும். சூடு காட்டி, மெதுவாக, பழகிய கையால் செய்விக்க வேண்டிய வேலை. கீழே இருக்கும் வெள்ளி நிறம் எப்படி இருந்தாலும் அதுவே நல்லது. மற் கறுப்பைப் பார்க்கிற எவருக்கும் உள்ளே என்ன கீறல், என்ன புட்டி இருக்கிறதோ என்ற எண்ணம்தான் முதலில் வரும்.

இனி விலைக்கு வருவோம். 18 இலட்சத்தைச் சேர்த்துக் கேட்கலாமா என்றால், கேட்கலாம், யாரும் தர மாட்டார்கள். அந்தக் காசை நீங்கள் ஓடி அனுபவித்துவிட்டீர்கள். நீங்கள் ஆசைப்பட்டுச் செய்தது அடுத்தவருக்குத் திருத்த வேண்டிய வேலையாகத் தெரியும். நான் மதிப்பீட்டுத் தாளில் அந்த மொடலின் நல்ல நிலை விலையை எழுதிவிட்டு, மாற்றங்களுக்குப் பெரும்பாலும் எதுவும் கூட்டுவதில்லை. சில மாற்றங்களுக்குக் கழிக்கிறேன்.

எல்லா மாற்றமும் ஒன்றல்ல. கொயில்ஓவர் பெயர் பெற்ற தயாரிப்பாக இருந்து, பில்லும் இருந்தால், அதன் அருமை தெரிந்தவர் கொஞ்சம் தருவார். ஆனால் பதித்த கார் கொக்குவில் ஒழுங்கைகளில் என்ன பாடு படும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஸ்பீட் பம்பில் அடிவயிறு உரசிய தடத்தை ஜக்கில் ஏற்றினால் யாரும் காண்பார்கள். பழைய ஸ்பிறிங்கும் ஷொக்கும் மேல்பரணில் இருந்தால் அவற்றைத் திரும்பப் பூட்டி உயர்த்தி விற்பதுதான் நல்லது. கழற்றிய கொயில்ஓவரையும் றிம்மையும் கொழும்பில் தனித்தனியாக விற்றால், காரோடு சேர்த்துக் கொடுப்பதை விடக் கூடக் கிடைக்கும். ஆர்.எக்ஸ். 8 இன் போல்ற் அளவு வேறு பல ஜப்பான் கார்களுக்கும் பொருந்துவதால் றிம் தேடுவோர் எப்போதும் இருப்பார்கள். ஈ.சி.யூ. ரியூனைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வேண்டாம். யார் செய்தது, என்ன மாற்றினார்கள் என்று கடதாசி இல்லாத ரியூன், வாங்குபவருக்கு எஞ்சினைப் பற்றிய பயத்தை மட்டும்தான் கொடுக்கும். பழைய கோப்பு இருந்தால் திரும்ப ஏற்றிவிடுங்கள்.

சைலன்சர் லைன் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 'முழு லைன்' என்று எழுதியதால், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கன்வேற்றரும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். வருடாவருடம் ரெவனியூ லைசென்ஸ் எடுக்க முன் புகைப் பரிசோதனை இருக்கிறதே, பெற்றோல் வாகனத்தில் அங்கே காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். உங்கள் காரில் இருப்பது பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண றொட்டர் சுழலும் றொட்டரி எஞ்சின், அது இயல்பிலேயே ஐதரோகாபனைக் கூடத் தள்ளும். கன்வேற்றர் இல்லாமல் எப்படிப் பாஸாகியது என்று தெரிந்தவர் கேட்பார், அதற்கு நேர்மையான பதில் உங்களிடம் இருக்காது. சத்தமும் ஒரு பிரச்சினை. 2025 ஜனவரி முதல் சத்தமான சைலன்சரையும் நிற விளக்குகளையும் பொலிஸார் விசேடமாகத் தேடிப் பிடிக்கத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு ஏ9 இல் எத்தனை இடத்தில் மறிப்பார்கள் என்று யோசியுங்கள். வாங்கியவர் வவுனியா தாண்ட முன் உங்களுக்குப் போன் எடுப்பார். பழைய லைனைப் பூட்டி, புகைப் பரிசோதனை செய்து, புதுச் சான்றிதழோடு நில்லுங்கள். கன்வேற்றரை அப்போதே எறிந்துவிட்டீர்கள் என்றால் நல்ல நிலையில் ஒன்று தேடுங்கள். அடைபட்ட கன்வேற்றர் இந்த எஞ்சினையே சூடேற்றிக் கொல்லும் என்பதால் கண்டதையும் போட வேண்டாம்.

இவ்வளவும் குறையாகவே சொல்லிவிட்டேன். உங்கள் பக்கம் பலமான ஒரு விடயமும் இருக்கிறது. ஆர்.எக்ஸ். 8 உற்பத்தி 2012 இல் நின்றது. 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியாருக்குத் திரும்பத் திறந்தபோதும் வயதுக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே இந்தக் கார் இனி இந்த நாட்டுக்குள் வராது. 654 சீசீ படி இரண்டு றொட்டர், மொத்தம் 1,308 சீசீ. எஞ்சின் அளவைப் பார்த்து வரி போடும் நாட்டில் 250 குதிரைவலுக் காரை 1,300 கணக்கில் இறக்க முடிந்ததால்தான் அந்தக் காலத்தில் இது இங்கே வந்தது. இருப்பவை தேய்ந்துகொண்டு போகின்றன. தேடுகிறவர்கள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் யாழ்ப்பாணத்தில் குறைவு. இங்கே அக்குவா, அக்ஸியோ, வகன் ஆர் என்றால் படலையில் வைத்தே விற்றுவிடலாம். லீற்றருக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர் ஓடி எஞ்சின் எண்ணெயும் குடிக்கிற, பின் கதவு பின்பக்கமாகத் திறக்கிற காரை வாங்க இங்கே ஆளைத் தேட வேண்டும். இருபது வருஷம் தாண்டிய இப்படிப்பட்ட காருக்கு லீசிங் கிடைப்பதும் அரிது, ஆகவே முழுக் காசோடு வருபவர்தான் உங்கள் ஆள். கொழும்பு, நீர்கொழும்பு, கண்டிப் பக்கம், கட்டுக்குருந்த கார் ஓட்டப் போட்டிகளுக்குப் போகிற கூட்டம், றொட்டரி வைத்திருப்போரின் பேஸ்புக், வட்ஸ்அப் குழுக்கள், இவைதான் உங்கள் சந்தை. இக்மன், ரியசெவன விளம்பரத் தளங்களிலும் போடுங்கள், போடாமல் விட வேண்டாம், ஆனால் அங்கே வருகிற அழைப்பில் பாதி 'கடைசி விலை என்ன' என்று கேட்டு வைத்துவிடுகிற பெடியன்கள்.

அந்தக் கூட்டம் கேட்கப்போகிற முதல் கேள்வி கொம்பிறஷன், அதாவது எஞ்சினுக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், எவ்வளவு என்பது. சாதாரண எஞ்சின் பார்க்கும் மானியை வைத்து அளந்துவிட்டு 'நல்லா இருக்கு' என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரு றொட்டருக்கு மூன்று முகம். சாதாரண மானியில் உள்ள வால்வு காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால், மூன்று முகத்தில் நல்லதன் அளவை மட்டும் காட்டும். ஒரு முகத்தின் சீல் உடைந்திருந்தாலும் தெரியாது. றொட்டரிக்கென்றே ஒரு கருவி இருக்கிறது, அது ஆறு முகத்துக்கும் தனித்தனி அளவும், எஞ்சின் சுற்றிய வேகமும் தரும். மஸ்டாவின் கணக்கில் புது எஞ்சினுக்கு சதுர சென்ரிமீற்றருக்கு 8.5 கிலோகிராம். 6.9 க்குக் கீழே போனால் எஞ்சின் பிரிக்கும் காலம் வந்துவிட்டது. ஒரே றொட்டரின் முகங்களுக்கிடையே 1.5 க்கு மேலும், இரண்டு றொட்டருக்கிடையே 1.0 க்கு மேலும் வித்தியாசம் இருக்கக்கூடாது. இதெல்லாம் நிமிடத்துக்கு 250 சுற்றில் எடுத்த அளவு. பற்றரி இறங்கி ஸ்ரார்ட்டர் சோர்ந்து சுற்றினால் நல்ல எஞ்சினும் கெட்டதாகக் காட்டும், ஆகவே பற்றரியை நிறைத்துக்கொண்டு போங்கள்.

கருவி உள்ள கராஜ் கொழும்புப் பக்கம்தான் கிடைக்கும். எஞ்சின் பதிவு வேலைக்குக் காரை அங்கே கொண்டு போனால் அப்போதே இதையும் முடித்து, தாளில் திகதியும் ஓடிய கிலோமீற்றரும் எழுதி வாங்குங்கள், அளக்கும்போது வீடியோவும் எடுங்கள். இப்போதைக்கு உங்களுக்கே தெரிய வேண்டுமென்றால், சாதாரண மானியின் வால்வைக் கழற்றிவிட்டு, பிளக் துவாரத்தில் பூட்டி, எஞ்சினைச் சுற்றவிட்டு ஊசியைப் பாருங்கள். ஒரே அளவில் மூன்று மூன்றாகத் துள்ளினால் பயமில்லை. இரண்டு பெரிசு, ஒன்று சிறிசு என்று துள்ளினால் ஒரு முகம் போய்விட்டது. அளவு மோசமாக வந்தால் மறைக்க நினைக்க வேண்டாம். எஞ்சின் பிரிக்க வேண்டிய கார் என்று சொல்லியே விற்கலாம், அதற்கும் வாங்குபவர் இருக்கிறார். விலைதான் வேறு.

பார்க்க ஆள் வருகிற நாட்களில் ஒரு விடயத்தில் மட்டும் கவனம். ஷெட்டில் இருந்து முற்றத்துக்கு எடுத்து, படம் எடுத்து, உடனே நிறுத்துவது என்று செய்யாதீர்கள். சூடேறாத றொட்டரியை அப்படி நிறுத்தினால் பெற்றோல் பிளக்கில் தேங்கி, அடுத்த தரம் ஸ்ரார்ட் எடுக்காது. கொழும்பில் இருந்து இரவு முழுக்க ஓடி வந்தவர் முன்னால் கார் இருமிக்கொண்டு நின்றால் விலை அங்கேயே முடிந்தது. ஸ்ரார்ட் பண்ணினால் சூடு காட்டும் ஊசி நடுவுக்கு வரும்வரை ஓடவிடுங்கள். அப்படித் தேங்கிவிட்டால் அக்சிலேற்றரை முழுவதும் மிதித்தபடி சுற்றவிடுங்கள், அப்போது பெற்றோல் வராது. தெரிந்தவர் வந்தால் காரை நன்றாகச் சூடாக்கி, நிறுத்தி, பத்து நிமிடம் கதைத்துவிட்டுத் திரும்ப ஸ்ரார்ட் பண்ணச் சொல்வார். தேய்ந்த எஞ்சின் அந்த இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும். அவர் கேட்க முன் நீங்களே செய்து காட்டினால் நல்லது. எண்ணெய் குறைவது பற்றியும் நீங்களே சொல்லுங்கள். சீலுக்கு எண்ணெய் காட்டுவதற்காக எஞ்சினே கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை உள்ளே விட்டு எரிக்கிறது. அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். 2022 இல் கியூ.ஆர். கோட்டுக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் கிடைத்த காலத்தில் கார் மாதக்கணக்கில் நின்றிருந்தால் அதையும், பிறகு என்ன பார்த்தீர்கள் என்பதையும் சொல்லலாம்.

விளம்பரத்தில் 'லேடி டிறைவன்', 'ஷோறூம் கொண்டிஷன்' என்றெல்லாம் எழுதாதீர்கள். எஞ்சின் 2019 இல் மாற்றியது, புத்தகத்தில் பதிந்தது, கொம்பிறஷன் இவ்வளவு, இந்த இந்த மாற்றம் கழற்றியது, இது இருக்கிறது என்று எழுதுங்கள். கீழ்ப்பக்கப் படம் இரண்டு போடுங்கள். பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் ஓடிய கார்களின் அடியில் உப்புக்காற்று செய்த வேலையை நான் காண்கிறேன், வெளியூரார் யாழ்ப்பாணக் கார் என்றால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஜப்பானில் ஏலம் விட்டபோது காரின் நிலையை எழுதிய ஏலத் தாள் இருந்தால் காட்டுங்கள். போலித் தாள்களும் புழங்குவதால் சசி இலக்கத்தை வைத்துச் சரிபார்க்க விடுங்கள். பதிவுச் சான்றிதழின் முழுப் படத்தை மட்டும் இணையத்தில் போட வேண்டாம், நேரில் வருபவருக்குக் காட்டினால் போதும்.

ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் பயம் நியாயமானது. காரோடு ஓடிவிடுவார்கள் என்பதை விட, குளிர்ந்த எஞ்சினை 9,000 சுற்றுக்கு மிதித்துவிடுவார்கள் என்பதுதான் இதில் கூடுதலாக நடக்கிற ஆபத்து. முதலில் நீங்கள் ஓட்டுங்கள். கொக்குவிலில் இருந்து ரவுணுக்குள் போகாமல் செம்மணிப் பக்கத்தால் ஏ9 இல் ஏறி நாவற்குழி தாண்டினால் கைதடி வரை நேர் றோட்டு. அங்கே கார் சூடாகிய பிறகு கையை மாற்றுங்கள். பகலில் மட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு மட்டும். ஏற முன் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் அடையாள அட்டையையும் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். வேறொருவர் ஓட்டினால் உங்கள் இன்சூரன்ஸ் ஈடு செய்யுமா, செய்த மாற்றங்கள் அவர்களுக்குத் தெரியுமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள். மூன்று பேராக வந்து 'நீங்க இருங்க அண்ணை, ஒரு ரவுண்ட் போட்டிட்டு வாறம்' என்றால் திறப்பைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடுங்கள்.

கொழும்பு ஆளின் ஓப்பன் பேப்பர் கதைக்கு வருவோம். வேண்டாம். திகதி போடாத, வாங்குபவர் பெயர் எழுதாத படிவத்தில் நீங்கள் கையெழுத்து வைத்தால், திணைக்களத்தின் கணக்கில் கார் உங்களுடையதாகவே இருக்கும். நாளைக்கு அது யாரையாவது இடித்துவிட்டு ஓடினால், கஞ்சா ஏற்றிப் பிடிபட்டால், நீங்கள் ஸ்காபரோவில் இருப்பீர்கள், பொலிஸ் கொக்குவில் வீட்டுப் படலையைத் தட்டும். அம்மா அப்பாதான் ஸ்ரேசனுக்கு அலைவார்கள். அப்படிக் கேட்பவர் பெரும்பாலும் வியாபாரி. தன் பெயரில் ஒரு மாற்றம் ஏறாமல் அடுத்தவருக்குத் தள்ளுவதுதான் நோக்கம். வாகனம் கை மாறினால் பதிவு உரிமையாளர் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. எம்.டீ.ஏ. 6 வாங்குபவரின் விண்ணப்பம், எம்.டீ.ஏ. 8 உங்கள் அறிவித்தல். இரண்டிலும் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி எல்லாம் எழுதி முடித்த பிறகே கையெழுத்து. எம்.டீ.ஏ. 8 ஐ அவர் கையில் கொடுத்துவிட்டு நம்பியிருக்காமல் நீங்களே பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதர் உண்மையிலேயே காரில் விருப்பம் உள்ளவர் என்றால் இதற்கு ஒத்துக்கொள்வார். நல்ல விலை சொன்னவர் இதைக் கேட்டதும் பின்வாங்கினால், அந்த நல்ல விலை எதற்காகச் சொல்லப்பட்டது என்று விளங்கிவிடும்.

லண்டன் காசு விடயம் எங்கள் ஊரில் சாதாரணமாகிவிட்டது, அதனால்தான் நீங்களும் சாதாரணமாகக் கேட்கிறீர்கள். அது வங்கியை விட்டுக் கைக்குக் கை காசு மாற்றும் உண்டியல்தான், சட்டப்படி அனுமதித்த வழியல்ல. அண்ணாவிடம் வருகிற காசு எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அங்கே வங்கி கேள்வி கேட்டு அவருடைய கணக்கை முடக்கினால் உங்கள் காரை வைத்து அதை விளக்க முடியாது. வாங்குபவரின் உறவினர் வெளிநாட்டில் இருந்து உதவுவதாக இருந்தால் வங்கி மூலம் இங்கே அனுப்பட்டும், வாங்குபவர் தன் கணக்கில் இருந்து உங்கள் கணக்குக்கு மாற்றட்டும். வார நாளில் காலை, உங்கள் வங்கிக் கிளையில் இரண்டு பேரும் போய் இருந்து செய்யுங்கள். 'அனுப்பிவிட்டேன்' என்று காட்டும் போன் படத்தை நம்பித் திறப்பைக் கொடுக்க வேண்டாம், காசோலையும் வேண்டாம். காசு உங்கள் கணக்கில் ஏறியதை வங்கி அலுவலர் சொன்ன பிறகுதான் சான்றிதழ் கை மாற வேண்டும். கையில் காசாகக் கொண்டு வந்தாலும் வங்கியிலேயே எண்ணிப் போடுங்கள்.

அன்றைக்கே ஒரு விற்பனைப் பத்திரம் எழுதுங்கள். இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரிந்த மொழியில் இருக்கட்டும். சசி இலக்கம், எஞ்சின் இலக்கம், கிலோமீற்றர், விலை, இருக்கிற மாற்றங்கள், சொன்ன குறைகள், 'இந்த நிலையில் பார்த்து வாங்கினேன்' என்று அவர் கையெழுத்து, இரண்டு சாட்சி. கொடுத்த திகதியோடு மணியையும் எழுதுங்கள். பின்னேரம் மூன்று மணிக்குக் கொடுத்த கார் ஐந்து மணிக்குக் கிளிநொச்சியில் வேகத்துக்குப் பிடிபட்டால் அந்த ஒரு வரி உங்களுக்கு உதவும். எப்போதாவது காரை வைத்துக் கடன் எடுத்து லீசிங் கம்பனியின் பெயர் புத்தகத்தில் ஏறியிருந்தால், முடித்த கடிதம் மட்டும் போதாது, புத்தகத்தில் இருந்து பெயரை நீக்கியிருக்க வேண்டும். இதையும் இப்போதே பாருங்கள்.

போவதற்கு முன் விற்காவிட்டால்? கையெழுத்து வைத்த வெற்றுப் படிவத்தை மாமனாரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம், அது ஓப்பன் பேப்பரை வீட்டுக்குள் வைத்திருப்பது மாதிரி. நொத்தாரிசிடம் போய் இந்த வாகனத்தை விற்க மட்டும் என்று வரையறுத்து அற்றோணித் தத்துவம் எழுதி, பதிந்து, நம்பிக்கையான ஒருவருக்குக் கொடுங்கள். அவருக்கு எஞ்சினைச் சூடாக்காமல் நிறுத்தக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள், கிழமைக்கு ஒருக்கா இரண்டு நிமிடம் ஸ்ரார்ட் போடுவது இந்தக் காருக்கு நல்லதை விடக் கெட்டதுதான் செய்யும்.

தரகரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் சொன்ன விலை உங்களை ஏமாற்றச் சொன்ன விலை என்று நினைக்க வேண்டாம். எஞ்சின் இலக்கம் பொருந்தாத, ஸ்ரிக்கர் ஒட்டிய, சத்தம் போடுகிற காரை நாளைக்கே காசு கொடுத்து எடுத்து, பிறகு தானே அலைந்து திருத்தி விற்கப்போகிறவர் சொல்லும் விலை அது. அதை உங்கள் அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன வேலைகளை இயன்றளவு விரைவாக முடித்து, பிறகு விளம்பரம் போட்டால் அதற்கு மேலே நல்ல இடைவெளியில் விற்கலாம் என்றுதான் நினைக்கிறேன். பயணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போதும் சரியான ஆள் அமையவில்லை என்றால், புத்தகம் திருந்திய அந்தக் காரோடு திரும்ப அதே தரகரிடம் போய்க் கேளுங்கள். அப்போது அவர் சொல்லும் விலை வேறாக இருக்கும்.